ஜமக்காளத்தில் உட்காரும் ஜனநாயகம்: வாசகர் கேள்வி – பதில்

உள்ளாட்சியைப் பற்றிக் கடந்த சில வாரங்களில் வந்து சேர்ந்த கடிதங்களில் ஒரே மனக்குறை வெவ்வேறு குரல்களில் ஒலித்ததால், இந்த இதழின் பக்கங்கள் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். ஊரக வளர்ச்சித் துறையில் பணியாற்றி, பல கிராம சபைகளில் கூட்டத்தை மேற்பார்க்கும் அரசு அலுவலராக, அதாவது பற்றாளராக, நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தவன் என்ற முறையில்தான் பதில் சொல்கிறேன். ஆகவே குற்றச்சாட்டுகளில் ஒரு பங்கு என்னையும் சேரும்.

கேள்வி: மக்களாட்சியின் இலக்கணத்தை முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பில் நடத்தியவன் நான். ஓய்வு பெற்ற பிறகுதான் முதன்முறையாக எங்கள் ஊர்க் கிராம சபைக்குப் போனேன். நாற்பது பேர்கூட இல்லை. இரண்டு நாள் கழித்து ஒரு நோட்டுப் புத்தகம் வீடு தேடி வந்து கையெழுத்துக் கேட்டது. நான் நடத்திய பாடமெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்தானா?
– ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அந்த நோட்டுப் புத்தகத்தை மறுபக்கத்திலிருந்து பார்த்தவன் நான், ஐயா. ஒரு மே தினத்தன்று நடந்ததைச் சொல்கிறேன். சத்துணவுக் கூடத்தின் முன்னால் வேப்ப மரத்து நிழலில் ஜமக்காளம் விரித்திருந்தார்கள். அதற்கு எதிரே ஒரு மேசையும், அதன் மேல் தண்ணீர் பாட்டில்களும், பின்னால் ஐந்து நாற்காலிகளும் இருந்தன. பதினொரு மணிக்குத் தொடங்க வேண்டிய கூட்டம், நூறு நாள் வேலைக்கு வந்திருந்த பெண்களை மண்வெட்டியும் சட்டியுமாக அழைத்து வந்து உட்கார வைத்த பிறகு பன்னிரண்டுக்குத் தொடங்கியது. ஊராட்சிச் செயலர் கூட்டப் பொருள்களை ஒரே மூச்சில் வாசித்தார். ஒவ்வொன்றின் முடிவிலும் “சபை ஏற்றுக்கொள்கிறது” என்றும் அவரே சொன்னார். நடுவில் ஒரு மூதாட்டி எழுந்து, தங்கள் தெருக் குழாயில் பதினைந்து நாளாகத் தண்ணீர் வரவில்லை என்றார். “அதெல்லாம் கடைசியில் பேசிக்கொள்ளலாம், உட்காரும்மா” என்று மேசைப் பக்கமிருந்து பதில் வந்தது. கடைசி என்ற ஒன்று வரவில்லை. தேநீர் வந்தது, கூட்டம் கலைந்தது. தீர்மானப் புத்தகத்தைத் திறந்து பார்த்தபோது, அன்றைய தீர்மானங்கள் முந்தைய நாள் மாலையே அழகான கையெழுத்தில் எழுதி முடிக்கப்பட்டிருந்தன. நானும் அதில் ஒப்பமிட்டேன். அந்த மூதாட்டியின் குழாய் அதில் எங்கும் இல்லை.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். அந்த நோட்டு உங்கள் வீடு தேடி வந்ததற்குக் காரணம், சட்டம் ஒரு தலைக்கணக்கு வைத்திருப்பதுதான். தமிழ்நாட்டில் மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சியில் 50 பேரும், 3,000 வரை 100 பேரும், 10,000 வரை 200 பேரும், அதற்கு மேல் 300 பேரும் கூடினால்தான் கிராம சபை செல்லும். ஊருக்கு ஒரு குரல் இருக்க வேண்டுமானால் ஊரில் இத்தனை பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற எண்ணத்தை யாரோ ஓர் எண்ணாக மாற்றி விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த எண் இல்லாவிட்டால் உங்கள் கையெழுத்தை யாரும் கேட்டு வந்திருக்க மாட்டார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான். ஆனால் ஏட்டில் சுரைக்காய் என்று எழுதியிருப்பதால்தான், கறியில் சுரைக்காய் எங்கே என்று கேட்க உங்களுக்கு வாய் இருக்கிறது.

இந்த இடைவெளி அரசியலமைப்பை எழுதியவர்களுக்குத் தெரியாததல்ல. வரைவை அவையில் முன்வைத்த 1948 நவம்பர் 4 அன்றே, அரசியலமைப்பு அறம் என்பது மனிதருக்கு இயல்பாக வந்துவிடுகிற உணர்வல்ல, அது பயிற்றி வளர்க்கப்பட வேண்டியது என்றும், இந்திய மண் அடிப்படையில் ஜனநாயகத் தன்மை அற்றது, ஜனநாயகம் அதன் மேல் தூவப்பட்ட மேலுரம்தான் என்றும் அம்பேத்கர் பேசினார். கிராமத்தைப் பற்றி அதே உரையில் அவர் சொன்ன கடுஞ்சொற்கள் காந்தியர்களைப் புண்படுத்தின. அதே மாதம் 22ஆம் நாள், தமிழ்நாட்டைச் சேர்ந்த கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தின் வழியாகத்தான் கிராமப் பஞ்சாயத்து என்ற சொல்லே வழிகாட்டு நெறிகளுக்குள் 40ஆம் உறுப்பாக நுழைந்தது. கிராமத்தை நம்பியவர், நம்பாதவர் என்ற அந்த இருவரில் யார் சொன்னது சரி என்று கேட்டால், ஜமக்காளத்துக்கும் மேசைக்கும் நடுவே உட்கார்ந்த அனுபவத்தில், இருவரும்தான் என்பேன்.

ஒன்று மட்டும் உங்கள் கடிதத்தில் விடுபட்டிருக்கிறது. கையெழுத்துப் போட்டீர்களா, போடாமல் திருப்பி அனுப்பினீர்களா?

கேள்வி: ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை முறையில் தேர்தல் நடத்திய இனம் நாம். அப்படியிருக்க, ஜனநாயகத்தை மேல்நாட்டிலிருந்து கற்றுக்கொண்டதைப் போலப் பேசுவது தாழ்வு மனப்பான்மை இல்லையா?
– கல்லூரி மாணவர், செங்கல்பட்டு

பதில்: உங்கள் மாவட்டத்திலிருந்து பேருந்து ஏறினால் அதிக நேரம் பிடிக்காது, தம்பி. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் அந்தக் கல்வெட்டுகள் இருக்கின்றன. ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள். முதலாம் பராந்தகனின் 12, 14 ஆகிய ஆட்சி ஆண்டுகளில், அதாவது கி.பி. 919, 921 வாக்கில் பொறிக்கப்பட்டவை அவை. ஊர் முப்பது குடும்புகளாக, இன்றைய வார்டுகளைப் போன்ற பகுதிகளாக, பிரிக்கப்பட்டது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளோர் பெயர்கள் ஓலையில் எழுதப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் சபையார் கண் முன்னால் ஓலையை எடுத்தான். வாரியம் என்பது ஊர் நிர்வாகக் குழு; சம்வத்சர (ஆண்டு) வாரியத்துக்குப் பன்னிருவர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிருவர், ஏரி வாரியத்துக்கு அறுவர் என்று இவ்வாறுதான் அமர்த்தினார்கள்.

இதில் நான் வியப்பது குடத்தை அல்ல, தகுதி நீக்கப் பட்டியலை. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது. அவருடைய நெருங்கிய உறவினரும் நிற்க முடியாது. கடந்த மூன்றாண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவரும் மீண்டும் வர முடியாது. பதவி ஒரு குடும்பத்தின் சொத்தாகிவிடும் என்ற அச்சமும், கணக்குக் கேட்கும் பழக்கமும் இவ்வளவு கூர்மையாக அந்தச் சுவரில் இருப்பதைப் படித்துவிட்டு நம் காலத்து ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்குள் நுழைந்தால் சற்றுக் கூச்சமாகத்தான் இருக்கும்.

ஆனால் அதே சுவர் வேறொன்றையும் சொல்கிறது. கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி செலுத்தும் நிலமும், சொந்த மனையில் வீடும், 35-க்கு மேல் 70-க்குள் வயதும், வேதக் கல்வியும் உள்ளவர் பெயரைத்தான் ஓலையில் எழுதலாம். நிலம் குறைந்தவருக்குச் சலுகை உண்டு, கூடுதலாக வேதம் கற்றிருந்தால். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளிக்கப்பட்ட ஊர். அந்தச் சபை நிலமுடைய பிராமணர்களின் சபை. அந்த நிலத்தை உழுதவர், ஏரியில் மண் சுமந்தவர், வீட்டுப் பெண்கள் ஆகிய எவர் பெயரும் எந்தக் குடத்திலும் விழவில்லை. நடைமுறை நுட்பத்தில் வியக்கத்தக்க உயரத்தை எட்டிய ஓர் ஏற்பாடு, எல்லோரும் சமம் என்ற எண்ணத்தை அறியாமலேயே அந்த உயரத்தை எட்டியிருக்கிறது என்பதுதான் எனக்கு அந்தக் கல்வெட்டு கற்பிக்கும் பாடம். இன்று நம்மிடம் அந்த எண்ணம் முழுதாக இருக்கிறது, நுட்பம்தான் கை நழுவுகிறது. பெருமைப்படுங்கள், கூடவே, உங்கள் ஊராட்சியின் சென்ற ஆண்டு வரவு செலவு யாரிடம் இருக்கிறது என்றும் ஒரு முறை விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் ஊரில் தேர்தலின்போது ஊர்க்கூட்டம் போட்டு, யார் தலைவர் என்று முன்கூட்டியே முடிவு செய்துவிடுவோம். கோயில் திருப்பணிக்கு அதிகத் தொகை தருபவருக்குப் பதவி. பகை இல்லை, செலவு இல்லை, பணமும் பொதுக் காரியத்துக்குத்தான் போகிறது. இதை ஏலம் என்று கொச்சைப்படுத்துகிறார்களே?
– விவசாயி, தென் மாவட்டம் ஒன்றிலிருந்து

பதில்: அதிகத் தொகை கேட்டவருக்குப் பொருளைக் கொடுப்பதற்குத் தமிழில் வேறு சொல் இருந்தால் எழுதி அனுப்புங்கள், பயன்படுத்திக்கொள்கிறேன்.

கோபம் வேண்டாம். பகையைத் தவிர்க்க வேண்டும் என்ற உங்கள் கவலையை நான் ஏளனம் செய்யவில்லை. ஊராட்சித் தேர்தல் சட்டமன்றத் தேர்தலைப் போன்றதல்ல. பங்காளியும் சம்பந்தியும் எதிரெதிரே நிற்பார்கள், தோற்றவர் வீட்டுக் காதுகுத்துக்கு வென்றவர் போக முடியாமல் போகும். கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் இல்லாமல் வைத்திருப்பதே இந்தப் பகை கட்சி வடிவமும் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான். ஆனால் நீங்கள் சொல்லும் ஊர்க்கூட்டத்தில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று எண்ணிப் பார்த்தீர்களா? பெண்கள் வந்தார்களா? காலனியிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள்? வந்தவர்கள் எங்கே நின்றார்கள்? வேட்பு மனு வாங்கும் இடத்துக்கு ஒருவர் தனியாகப் போனால் அவரை ஊர் என்ன சொல்லும்? “ஒருமனதாக” என்ற சொல்லில் எத்தனை பேருடைய மனம் கணக்கில் வந்தது என்பதுதான் கேள்வி. வாக்குப் பெட்டிக்கு இருக்கும் ஒரே பெருமை, உள்ளே விழுந்த சீட்டு யாருடையது என்று யாருக்கும் தெரியாது என்பது. 2019-இல் உங்கள் கையில் நான்கு நிறச் சீட்டுகளைக் கொடுத்தார்களே: வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, ஊராட்சித் தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியத்துக்குப் பச்சை, மாவட்டத்துக்கு மஞ்சள். அந்த இளஞ்சிவப்புச் சீட்டை மடித்துப் போடும் அரை நிமிடத்தில் மட்டும்தான், ஊர்ப் பெரியவரிடம் கூலிக்குப் போகிறவர் அவருக்குச் சமமாக நிற்கிறார். உங்கள் ஏற்பாடு அந்த அரை நிமிடத்தையும் விலைக்கு வாங்கிவிடுகிறது.

பணம் கோயிலுக்குப் போகிறது என்கிறீர்கள். போட்ட பணத்தை அவர் எங்கிருந்து எடுப்பார் என்பதையும் ஊர்க்கூட்டத்திலேயே பேசி முடித்தீர்களா என்று அறிய ஆவல்.

கேள்வி: நான் பெண்களுக்கான ஒதுக்கீட்டில் வென்ற வார்டு உறுப்பினராக இருந்தவள். எங்கள் தலைவரும் பெண்தான், பட்டியல் இனத்தைச் சேர்ந்தவர். கூட்டத்தில் அவர் வீட்டுக்காரர் பேசுவார், துணைத் தலைவர் முடிவெடுப்பார். தலைவரம்மா கையெழுத்துப் போடுவார். இதற்கு எதற்கு இட ஒதுக்கீடு என்று ஊரில் கேட்கிறார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை.
– வாசகி, திண்டுக்கல் மாவட்டம்

பதில்: அம்மா, வந்த கடிதங்களிலேயே நேர்மையானது உங்களுடையது. வட மாநிலங்களில் இதற்குப் ‘பிரதான் பதி’, ‘சர்பஞ்ச் பதி’ என்று பட்டப் பெயரே இருக்கிறது. நம்மிடம் பெயர் இல்லை, வழக்கம் இருக்கிறது.

1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் என்றது. தமிழ்நாடு 2016-இல் அதைச் சரிபாதியாக்கியது. பட்டியல் இனத்தவருக்கு மக்கள்தொகை விகிதப்படி இடம் என்பதும் அதே திருத்தம்தான். இந்த இரண்டு வரிகளும் ஊருக்குள் இறங்கியபோது என்ன நடந்தது என்பதை நம் மாநிலமே உலகுக்குக் காட்டியது. மேலூர் அருகே மேலவளவு ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனத்தவருக்கு ஒதுக்கப்பட்டதும், போட்டியிடக் கூடாது என்ற மிரட்டலை மீறி முருகேசன் நின்று வென்றார். 1997 ஜூன் 30 அன்று மதுரையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் போய்விட்டுத் திரும்பிய பேருந்திலேயே அவரும் உடன் வந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டனர். உசிலம்பட்டி வட்டாரத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தல் என்பது கேலிக்கூத்தாக இருந்தது. மனுத் தாக்கல் செய்ய ஆள் இருக்காது. இருந்தால், ஊர் நிறுத்திய ஒருவர் வென்று, பதவியேற்ற கையோடு விலகல் கடிதம் கொடுப்பார். 2006 அக்டோபரில்தான், மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் பேசி, அங்கே தேர்தல் நடந்து, வென்றவர்கள் பதவியில் நீடித்தார்கள். 2021 காந்தி ஜெயந்தி அன்று முதலமைச்சர் ஒருவர் கிராம சபையில் வந்து உட்கார்ந்தது அதே பாப்பாபட்டியில்.

ஆகவே, “கையெழுத்து மட்டும் போடுகிறார்” என்று ஊர் சொல்வதை நான் வேறுவிதமாகக் கேட்கிறேன். அந்தக் கையெழுத்தைத் தடுப்பதற்காக ஒரு காலத்தில் கொலையே நடந்திருக்கிறது. தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையொப்பமிட்டால்தான் ஊராட்சிப் பணம் வெளியே வரும் என்பது நம் மாநில ஏற்பாடு. கணக்கைக் காக்கப் போட்ட இந்தப் பூட்டு, தலைவர் ஒரு சாதியும் துணைத் தலைவர் வேறு சாதியுமாக இருக்கும் ஊர்களில், தலைவரை மண்டியிட வைக்கும் கயிறாகிவிடுகிறது. நல்ல நோக்கத்தோடு செய்த நடைமுறை, ஊரின் பழைய அதிகாரம் புகுந்துகொள்ளும் பொந்தாக மாறுவதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை என் பணிக்காலத்தில் நான் பார்த்ததில்லை.

நாற்காலி கதையும் இதே வகைதான். 2020-இல் கடலூர் மாவட்டத்தில் பட்டியல் இனத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சித் தலைவர் தரையிலும் மற்றவர்கள் நாற்காலியிலும் அமர்ந்திருந்த படம் வெளியாகித் தமிழகமே தலைகுனிந்தது. 2022 சுதந்திர தினத்துக்கு முன்பு, பட்டியல் இனத் தலைவர்கள் தடையின்றிக் கொடியேற்றுவதை உறுதி செய்யும்படி தலைமைச் செயலாளரே மாவட்ட ஆட்சியர்களுக்கு எழுத வேண்டியிருந்தது. சட்டம் பதவியைக் கொடுத்துவிட்டது. நாற்காலியைக் கொடுப்பதற்கு இன்னும் தனியாக ஒரு கடிதம் தேவைப்படுகிறது.

என் அனுபவத்தில், பேசாத தலைவரம்மாக்கள் முதல் இரண்டாண்டுகள்தான் பேசாமல் இருந்தார்கள். ஓர் ஊரில், மூன்றாம் ஆண்டில், ஒரு பில்லை விரலால் தொட்டு, “இந்தப் பைப்பு நம்ம ஊருக்கு வரலையே சார்” என்று தலைவர் கேட்டார். வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்தார். தலைவர் பில்லிலிருந்து கையை எடுக்கவில்லை. அந்த பில் அன்று பாஸ் ஆகவில்லை. உங்கள் தலைவருக்கு அந்த மூன்றாம் ஆண்டு வந்ததா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். கூடவே, வார்டு உறுப்பினராக நீங்கள் அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு கேள்வியாவது கேட்டிருந்தால் அது சீக்கிரம் வந்திருக்குமோ என்றும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்.

கேள்வி: ஊராட்சித் தலைவர்கள் இருந்த காலத்தை விட, தேர்தல் நடக்காமல் தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊராட்சி இருக்கும் காலத்தில் வேலை ஒழுங்காக நடக்கிறது. சண்டையும் கமிஷனும் இல்லாமல் நிர்வாகம் நடந்தால் போதாதா? தேர்தல் எதற்கு?
– மென்பொருள் பொறியாளர், சென்னை (சொந்த ஊர் விழுப்புரம் பக்கம்)

பதில்: கமிஷன் இல்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? கேட்பதற்கு ஆள் இல்லாததால் சத்தம் வெளியே வரவில்லை, அவ்வளவுதான்.

ஊராட்சியின் ஆயுள் ஐந்தாண்டு, அது முடிவதற்குள் அடுத்த தேர்தல் முடிந்திருக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 243ஈ உறுப்பு சொல்கிறது. அதைத் தள்ளிப்போட மாநிலங்களுக்கு உரிமையில்லை என்ற பொருளில் 2006-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வும் தீர்ப்பளித்திருக்கிறது. நம் மாநிலத்தில் நடந்தது என்ன? 1970-க்குப் பிறகு 1986-இல்தான் உள்ளாட்சித் தேர்தல். திருத்தம் வந்த பிறகு 1996 முதல் நான்கு தேர்தல்கள் முறையாக நடந்தன. 2016 அக்டோபரில் நடக்க வேண்டியது, பழங்குடியினர் ஒதுக்கீட்டுக் குறையைக் காட்டி உயர் நீதிமன்றம் அறிவிப்பை ரத்து செய்ததில் தொடங்கி, வார்டு மறுவரையறை, வழக்கு என்று இழுத்துக்கொண்டே போய் 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களிலும், 2021 அக்டோபரில் மீதி ஒன்பது மாவட்டங்களிலும் நடந்தது. உங்கள் விழுப்புரம் அந்த ஒன்பதில் ஒன்று. ஐந்தாண்டு உங்கள் ஊரில் தலைவரே இல்லை. 2019-இல் வென்றவர்களின் காலம் 2025 ஜனவரியில் முடிந்ததும் அங்கே மீண்டும் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டார்கள். ஒவ்வொரு முறையும் சொல்லப்பட்ட காரணம் ஒவ்வொன்றும் தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயமாகத்தான் இருக்கும். அத்தனையையும் சேர்த்துப் பார்த்தால்தான், எந்தக் கட்சி ஆண்டாலும் கோட்டைக்கு ஊராட்சித் தலைவர் இல்லாத காலம் ஒன்றும் கசப்பதில்லை என்பது தெரியும்.

கணக்கு ஒன்று சொல்கிறேன். மாநிலத்தில் ஏறத்தாழ 12,525 கிராம ஊராட்சிகள், 388 ஒன்றியங்கள். தனி அலுவலர் என்பவர் ஒன்றியத்தின் வட்டார வளர்ச்சி அலுவலர். அப்படியானால் சராசரியாக ஒருவர் தலையில் முப்பத்திரண்டு ஊராட்சிகள். நான் அந்த நாற்காலியில் இருந்திருக்கிறேன். காலையில் ஆட்சியர் அலுவலகக் காணொலிக் கூட்டம், மதியம் வீட்டு வசதித் திட்டக் கோப்பு, மாலையில் இரண்டு ஊர். குழாய் அடைத்துக்கொண்டால் தலைவர் வீட்டுத் திண்ணையில் போய்க் காலை ஆறு மணிக்குச் சத்தம் போடலாம். என் வீட்டு விலாசம் எந்த மூதாட்டிக்கும் தெரியாது. ஒழுங்காக நடப்பதாக உங்களுக்குத் தோன்றுவதற்கு, நீங்கள் ஊருக்கு வருவது பொங்கலுக்கும் தீபாவளிக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

கேள்வி: நகரத்தில் இருப்பவர்களுக்குக் கிராம சபை போல ஏதேனும் உண்டா?
– இல்லத்தரசி, கோயம்புத்தூர்

பதில்: உண்டு. 2022-இல் வகுக்கப்பட்ட விதிகளின்படி ஒவ்வொரு வார்டிலும் கவுன்சிலர் தலைமையில் வார்டு குழுவும், அதன் கீழே பகுதி சபைகளும் இருக்க வேண்டும். அந்த ஆண்டு நவம்பர் 1-ஆம் நாள் பல ஊர்களில் அவை கூடின. உங்கள் பகுதி சபை எங்கே, எப்போது கூடுகிறது என்று கவுன்சிலரிடம் கேட்டுப் பாருங்கள். அவரே யாரிடமாவது கேட்டுச் சொல்ல வேண்டியிருந்தால் வியப்படையாதீர்கள்.

கேள்வி: டாஸ்மாக் கடை வேண்டாம் என்று எங்கள் கிராம சபையில் மூன்று முறை தீர்மானம் போட்டோம். கடை இன்னும் இருக்கிறது. சபைத் தீர்மானத்துக்கு உண்மையில் மதிப்பு உண்டா?
– சுயஉதவிக் குழு உறுப்பினர், புதுக்கோட்டை மாவட்டம்

பதில்: மதிப்பு தீர்மானத்தில் இல்லை, அதன் பின்னால் எந்தச் சட்டம் நிற்கிறது என்பதில் இருக்கிறது. அரசியலமைப்பின் 243ஏ உறுப்பு கிராம சபையை அமைக்கிறது. ஆனால் அதற்கு என்ன அதிகாரம் என்பதை மாநிலச் சட்டமன்றங்களிடம் விட்டுவிட்டது. சபை தன் ஊராட்சியின் திட்டத்தையும் பயனாளிகள் பட்டியலையும் பற்றிப் பேசும்போது அதன் சொல்லுக்குச் சட்டத்தில் இடம் உண்டு. மதுக்கடையைத் திறப்பதும் மூடுவதும் வேறொரு சட்டத்தின் கீழ், வேறொரு துறையின் கையில் இருக்கிறது. அங்கே உங்கள் தீர்மானம் ஒரு கோரிக்கை மனுவாகத்தான் போய்ச் சேர்கிறது.

தீர்மானம் மலையையே காத்த கதையும் உண்டு. ஒடிசாவின் ராயகடா, காளஹண்டி மாவட்டங்களில் நியமகிரி மலை இருக்கிறது. டோங்கிரியா கோந்து மக்கள் அதைத் தெய்வமாகத் தொழுகிறார்கள். அங்கே பாக்சைட் வெட்டி எடுக்க ஏற்பாடானபோது, 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், இதனால் அவர்களுடைய வழிபாட்டு உரிமை பாதிக்கப்படுமா என்பதைக் கிராம சபைகளே முடிவு செய்யட்டும் என்றது. மாவட்ட நீதிபதி பார்வையாளராக அமர, அந்த ஆண்டு ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் பன்னிரண்டு சிற்றூர்ச் சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. சுரங்கத்துக்கு அனுமதி கிடைக்கவில்லை. சில குடும்பங்களே வாழும் சிற்றூர்கள் அவை. அவர்களுடைய வாய்ச்சொல் ஒரு பெரிய நிறுவனத்தின் திட்டத்தை நிறுத்தியதற்குக் காரணம், 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அந்தச் சொல்லுக்குப் பல் வைத்திருந்ததுதான். உங்கள் சபைக்கும் எனக்கும் இல்லாதது அந்தப் பல். அதைக் கேட்க வேண்டிய இடம் உங்கள் சட்டமன்ற உறுப்பினரின் வாசல். மூன்று தீர்மானங்களின் நகலையும் மறக்காமல் எடுத்துப் போங்கள்.

கேள்வி: சென்ற கிராம சபையில் தெருவிளக்குச் செலவைப் பற்றி ஒரு கேள்வி கேட்டேன். “நீ எந்தக் கட்சி?” என்று கேட்டார்கள். வீட்டிலும் திட்டு. மறுபடியும் போகத்தான் வேண்டுமா?
– இளைஞர், நாமக்கல் மாவட்டம்

பதில்: போக வேண்டும் என்று நான் கட்டளையிட முடியாது; அந்த ஊரில் நாளை குடியிருக்கப் போவது நீங்கள். போவதாக முடிவு செய்தால், பழக்கத்தில் தெரிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மதச் சார்புள்ள எந்த வளாகத்திலும் கூடக் கூடாது, குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும் என்றெல்லாம் அரசு ஆணை இருக்கிறது. சென்ற முறை எங்கே நடந்தது, அதற்கு முந்தைய முறை எங்கே நடந்தது என்று பாருங்கள். எப்போதும் மேலத்தெருவிலேயே நடந்தால், கீழத்தெருவிலிருந்து ஏன் ஆள் வருவதில்லை என்பது விளங்கும். ஊராட்சியின் வரவு செலவுச் சுருக்கத்தை, அலுவலகத்தில் ‘படிவம் 30’ என்று சொல்வார்கள், சபையில் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். தெருவிளக்குச் செலவு எவ்வளவு என்று நீங்கள் கேட்டால் கட்சி கேட்பார்கள். படிவம் 30 எங்கே என்று கேட்டால் பற்றாளர் உங்கள் பக்கம் திரும்பியே ஆக வேண்டும், ஏனென்றால் அது இல்லாமல் கூட்டம் நடந்ததற்கு அவரும் பதில் சொல்ல வேண்டியவர். இதை ஒரு முன்னாள் பற்றாளரின் பயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாகப் போகாதீர்கள். உங்கள் தெருவிலிருந்து நான்கு பெண்களை அழைத்துப் போங்கள். மேசைப் பக்கம் இருப்பவர்கள் அவர்களிடம் கட்சி கேட்கத் தயங்குவார்கள். பின்வரிசையில் நிற்காமல் ஜமக்காளத்தில் முன்னால் உட்காருங்கள். உங்கள் கேள்வி தீர்மானப் புத்தகத்தில் ஏறும் வரை எழுந்து வராதீர்கள். ஏறிய பிறகு, அடியில் வெற்றிடம் விடாமல் கோடு இழுக்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.